பிள்ளைகளோட மாலைதீவு போறீங்களா? முதல்ல தண்ணியைப் பாருங்கோ, ரூமைப் பிறகு பாக்கலாம்

கொழும்பில இருந்து மாலைதீவு ப்ளேன்ல ஒண்டரை மணித்தியாலம்தான். வெள்ளவத்தையில இருந்து யாழ்ப்பாணத்துக்கு நைட் பஸ் எடுத்தா அதைவிட எத்தினையோ மடங்கு நேரம் போகும். அப்பிடி இருந்தும் எங்கட ஆக்கள் நிறையப்பேர் அது கலியாணம் முடிச்ச கையோட போற இடம், காசுக்காரர் போற இடம் எண்டு ஒதுக்கி வச்சிடுவினம், பிள்ளைகள் பிறந்தாப் பிறகு அந்தக் கதையே எடுக்கிறேல்ல. நாங்கள் ரெண்டு தரம் போயிட்டு வந்தம். முதல் தரம் மகளுக்கு ஆறு வயசு, மகனுக்கு ரெண்டு. ரெண்டாந்தரம் எட்டும் நாலும், மாமியும் எங்களோட வந்தவா. முதல் தரம் விட்ட பிழையெல்லாம் ரெண்டாந்தரம் திருத்தினதால, இப்ப கேக்கிற ஆக்களுக்கு நான் சொல்லுறது ஒண்டுதான்: தண்ணியைப் பாத்துத் தீவைத் தெரிவு செய்யுங்கோ, தீவைப் பாத்து ரூமைத் தெரிவு செய்யுங்கோ. எல்லாரும் அதைத் தலைகீழாச் செய்யினம்.

முதல் தரம் நாங்களும் அப்பிடித்தான். ஒரு கெஸ்ட்ஹவுஸ்ட ஃபோட்டோ வடிவா இருந்துது, கட்டிலுக்கு மேல துவாயில அன்னம் செஞ்சு வச்சிருந்தாங்கள், "கடலுக்கு முன்னால" எண்டும் போட்டிருந்தாங்கள். போய்ப் பாத்தா கடல் முன்னாலதான், ஆனா அது ஹாபர் பக்கம், சுவர் கட்டி போட் கட்டுற இடம். குளிக்கிற பீச்சுக்கு வெயிலுக்குள்ள பத்து நிமிஷம் நடக்கோணும், அங்க போனா நாலு எட்டு வைக்க முதலே ஆழம் விழுந்திடுது. பெரியாக்களுக்கு அது நல்ல இடம், முருகைக்கல் (கோரல்) பக்கத்திலயே இருக்குது, மீன் பாக்கலாம். ரெண்டு வயசுப் பிள்ளைக்கு? நாலு நாளும் மகன் கரையில அலை வந்து காலை நனைக்கிற இடத்தில இருந்து மண்ணைக் கிண்டினான், நான் அவன்ட கையைப் பிடிச்சபடி நிண்டன். கடலுக்குள்ள நான் முழுசா இறங்கினது ஒரேயொரு தரம்.

பிள்ளைகளுக்கு முழு மாலைதீவும் தேவையில்ல. அவங்களுக்குத் தேவை கரையில இருந்து ஒரு இருபது மீட்டர், இடுப்பளவுக்குக் கீழ தண்ணி, அலை இல்லாம. அந்த இருபது மீட்டர் சரியா இருந்தா மிச்சம் எல்லாத்தையும் சமாளிக்கலாம்.

அப்பிடித் தண்ணி கிடைக்கிற இடம்தான் லகூன். லகூன் எண்டா எங்கட களப்புத்தான், ஆனா மட்டக்களப்பு வாவி மாதிரி சேறும் கண்டலும் இல்ல. தீவைச் சுத்தி முருகைக்கல் ஒரு வேலி மாதிரி நிக்கும், வெளியில இருந்து வாற அலை அந்த வேலியில அடிச்சு உடைஞ்சிடும், உள்ளுக்க மிஞ்சிறது வெள்ளை மணலுக்கு மேல நிக்கிற சூடான அமைதியான தண்ணி. எல்லாத் தீவிலயும் இந்த வேலி ஒரே தூரத்தில இல்ல. சிலதில வேலி கரைக்கு ஒட்டி நிக்கும், லகூன் எண்டு சொல்லவே இடமிருக்காது. சிலதில இருநூறு முந்நூறு மீட்டருக்கு அங்கால நிக்கும், அதுதான் பிள்ளைகளுக்கு.

இதை வீட்டில இருந்தே பாக்கலாம். கூகிள் மெப்பில தீவின்ட பேரைப் போட்டு சட்டலைட் படத்துக்கு மாத்துங்கோ. வெளிர் பச்சை நீலம், பால் கலந்த மாதிரி நிறம் எண்டா ஆழமில்லாத மணல். மண்ணிறத் திட்டுத் திட்டா இருந்தா முருகைக்கல் அல்லது கடல் புல்லு. சட்டெண்டு கடும் நீலமா மாறுற கோடு இருக்குதெல்லோ, அதுதான் வேலி முடிஞ்சு ஆழம் துவங்கிற இடம். கரையில இருந்து அந்தக் கோடு வரைக்கும் மெப்பில இருக்கிற தூரம் அளக்கிற வசதியால அளந்து பாருங்கோ. சதுரமா வெட்டின மாதிரி தண்ணித் துண்டு தெரிஞ்சா அது ஹாபர், அதுக்குப் பக்கத்தில ரூம் எடுக்காதேங்கோ, போட் வந்து போகும், எண்ணெய் வாடையும் அடிக்கும். வேலியில ஒரு இடத்தில மட்டும் இடைவெளி மாதிரி கடும் நீலம் உள்ளுக்க வந்திருந்தா அந்தப் பக்கம் இழுவை இருக்கும், தண்ணி உள்ளயும் வெளியிலயும் அதுக்குள்ளாலதான் போய் வரும், அங்க பிள்ளைகளை இறக்கவே கூடாது.

அதுக்குப் பிறகு கெஸ்ட்ஹவுஸ் ஆக்களுக்கு வட்ஸ்அப்பில மெசேஜ் போடுங்கோ. "பீச் எப்பிடி?" எண்டு கேட்டா எல்லாரும் சுப்பர் எண்டுதான் சொல்லுவாங்கள். இப்பிடிக் கேளுங்கோ: ரூமில இருந்து பீச்சுக்கு எத்தினை நிமிஷ நடை, கடல் வத்தின நேரம் எடுத்த ஒரு வீடியோ அனுப்பேலுமா, தண்ணிக்குள்ள கால் வைக்கிற இடம் மணலா கல்லா, நிழல் இருக்குதா. வத்தின நேர வீடியோ முக்கியம். பெருக்கு நேரம் எல்லாக் கடலும் வடிவாத்தான் இருக்கும், வத்தும்போதுதான் அடியில இருக்கிற கல்லெல்லாம் தெரியவரும். ரெண்டாந்தரம் நாங்கள் மூண்டு இடத்துக்கு இப்பிடிக் கேட்டம், ஒராள்தான் உடனயே எழும்பிப் போய் வீடியோ எடுத்து அனுப்பினார், அந்த இடத்தைத்தான் புக் பண்ணினம்.

எந்தத் தீவு?

மாலைதீவில கிட்டத்தட்ட 1,200 தீவு, அதில சனம் வாழுறது இருநூறுக்குக் கிட்டத்தான். முதல் ரிசோர்ட் 1972இல குரும்பாவில துவங்கினது, அதுக்குப் பிறகு கன காலம் வெளிநாட்டாக்கள் ரிசோர்ட் தீவில மட்டும்தான் தங்கலாம். சனம் இருக்கிற தீவுகளில கெஸ்ட்ஹவுஸ் நடத்த விட்டது 2009இல. எங்களை மாதிரி நடுத்தரக் குடும்பத்துக்கு மாலைதீவின்ட கதவு திறந்தது அப்பதான்.

மாஃபுஷி எல்லாருக்கும் தெரிஞ்சது, ஏர்போட்டில இருந்து ஸ்பீட்போட்டில முக்கால் மணித்தியாலத்துக்குள்ள போயிடலாம், கடை, மருந்து, சாப்பாடு எல்லாம் கைக்கெட்டின தூரம், ஆனா சனக்கூட்டம். பக்கத்தில குல்ஹி, அது சின்னத் தீவு, அமைதி. டிஃபுஷியும் கிட்டத்தான், ஆழமில்லாத தண்ணி நிறைய இருக்குது. தொட்டுவில தர்ப்பூசணியும் பப்பாசியும் தோட்டமாவே செய்யினம், சைக்கிளில சுத்திப் பாக்கலாம், பிள்ளைகளுக்கு அது புதுமையா இருக்கும், ஆனா ஸ்பீட்போட்டில ஒண்டரை மணித்தியாலம் போகும். டிகுராவும் வடிவான நீட்டுத் தீவு, அந்தப் பக்கக் கடலில வருஷம் முழுக்கத் திமிங்கிலச் சுறா வரும், ஆனா இன்னும் தூரம். ஐஞ்சு வயசுக்குக் கீழ பிள்ளை இருந்தா ஸ்பீட்போட் ஒரு மணித்தியாலத்தைத் தாண்டாத தீவாப் பாருங்கோ, இதில நான் கண்டிப்பாவே சொல்லுறன். திறந்த கடலில போட் அடிச்சு அடிச்சுப் போகேக்க சத்தி எடுக்கிற பிள்ளையை மடியில வச்சுக்கொண்டு ரெண்டு மணித்தியாலம் இருக்கிறது லீவு இல்ல.

ரிசோர்ட் எடுக்க வசதி இருந்தா எடுங்கோ, லகூனெண்டா அங்கதான் லகூன். ஆனா தண்ணிக்கு மேல கட்டின வில்லாவுக்கு ஆசைப்படுறதெண்டா முதல்ல வயசுக் கட்டுப்பாடு கேளுங்கோ, நிறைய இடத்தில சின்னப் பிள்ளைகளோட தரமாட்டாங்கள். அதில நியாயம் இருக்குது, கதவைத் திறந்தா நேர கடல். பிள்ளைகளோட கரை வில்லாதான் நல்லது, விலையும் குறைவு. நாங்கள் செஞ்சது வேற வழி, கெஸ்ட்ஹவுஸில தங்கி ஒரு நாள் மட்டும் பக்கத்து ரிசோர்ட் ஒண்டுக்குப் பகல் டிக்கெட் எடுத்துப் போனம். பூல், பஃபே, லகூன் எல்லாம் பாத்தாச்சு, பின்னேரம் திரும்பி வந்தாச்சு. மாமிக்கு அந்த நாள்தான் நல்லாப் பிடிச்சது.

எப்ப போறது?

எங்கட ஸ்கூல் லீவு ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர். மாலைதீவில டிசம்பர் கடைசியில இருந்து ஏப்ரல் வரைக்கும் மழை குறைவு, கடல் அமைதி. மே துவங்கினா தென்மேல் பருவக்காத்து, எங்களுக்கு அடிக்கிற அதே காத்துத்தான், அங்கயும் மழையும் அலையும் கொண்டு வரும். டிசம்பர் கடைசியில விலை உச்சத்தில நிக்கும், அதால ஏப்ரல்தான் எங்களுக்கு வாய்ப்பு. சித்திரைப் புத்தாண்டுக்கு முதல் நாள் டிக்கெட் தேடினா விலை கூட, வருஷம் கொண்டாடி கைவிசேஷம் எல்லாம் குடுத்து முடிச்சு ரெண்டு நாள் கழிச்சு வெளிக்கிடுங்கோ. ஓகஸ்ட்டிலதான் போகேலும் எண்டா போங்கோ, ஒவ்வொரு நாளும் மழை பெய்யாது, ஆனா கிட்டத் தீவாப் பாருங்கோ, வெளியில டிரிப் போறதை ரெண்டு நாள் முன்னப்பின்ன மாத்தக்கூடிய மாதிரி வச்சிருங்கோ.

நோன்பு மாசம் எப்ப வருதெண்டும் பாக்கோணும், அது வருஷா வருஷம் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு வரும். சனம் இருக்கிற தீவுகளில பகலில சாப்பாட்டுக் கடை நிறையப் பூட்டியிருக்கும், பிள்ளைக்கு நடுப்பகலில சோறு தேடி அலையேலாது.

காசு

அங்க ஹோட்டல் விலையைப் பாக்கேக்க "பிளஸ் பிளஸ்" எண்டு போட்டிருந்தா கவனம். சேவைக் கட்டணம் 10 வீதம், அதுக்கு மேல சுற்றுலா வரி, 2025 ஜூலையில இருந்து 17 வீதம். 100 டொலர் எண்டு போட்ட ரூம் கையில வரேக்க 128 டொலர் 70 சதம். அதோட பசுமை வரி, இது ஒராளுக்கு ஒரு இரவுக்கு. 2025 ஜனவரியில இருந்து ரிசோர்ட்டில 12 டொலர், சனம் இருக்கிற தீவில 50 ரூமுக்குள்ள இருக்கிற கெஸ்ட்ஹவுஸில 6 டொலர், ரெண்டு வயசுக்குக் கீழ இல்ல. நாலு பேர் நாலு இரவு கெஸ்ட்ஹவுஸ் எண்டா 96 டொலர், ரிசோர்ட் எண்டா 192. நிறைய இடத்தில இதைப் புக்கிங் விலைக்குள்ள சேக்காம அங்க போனாப் பிறகு கேப்பாங்கள், அதால முன்னமே கேட்டு மொத்தத்தை எழுத்தில எடுங்கோ.

ரிசோர்ட்டுக்குப் போற போட் அல்லது சீப்ளேன் காசை மறக்கக்கூடாது. சீப்ளேன் ஒராளுக்கே பல நூறு டொலர் வரும், பிள்ளைக்கும் தனிக் காசு. ரூம் மலிவு எண்டு எடுத்திட்டு போற செலவில மாட்டின ஆக்களை எனக்குத் தெரியும்.

எங்கட ரூபாயை அங்க கொண்டுபோய் மாத்தலாம் எண்டு நினைக்காதேங்கோ. பாங்கில இல்லாட்டி லைசன்ஸ் இருக்கிற மணி சேஞ்சரில டொலர் வாங்கி ரிசீட்டை வச்சிருங்கோ, ஒண்டு, ஐஞ்சு, பத்து டொலர் தாளாக் கேட்டு வாங்குங்கோ. கார்டை வெளிநாட்டில பாவிக்கப்போறம் எண்டு பாங்குக்குச் சொல்லிவிடுங்கோ.

பேப்பர் வேலை

விசாவுக்கு அலையத் தேவையில்ல, மாலைதீவில இறங்கினவுடன 30 நாள் இலவசமாக் குடுப்பாங்கள். ரிட்டர்ன் டிக்கெட்டும் ஹோட்டல் புக்கிங்கும் கையில இருக்கோணும். அதுக்கு மேல இமுகா எண்டு ஒரு ஒன்லைன் ஃபோம், ப்ளேன் வெளிக்கிட முதல் 96 மணித்தியாலத்துக்குள்ள நிரப்போணும், குழந்தைக்கும் தனியா ஒண்டு, திரும்பி வரேக்கயும் திரும்ப நிரப்போணும். அது சதமும் இல்லாத ஃபோம், காசு கேக்கிற வெப்சைட் வந்தா உடன மூடுங்கோ, அது அரசாங்கத்தின்ட இல்ல. நிரப்பி முடிய வாற கியூஆர் கோடை ஸ்கிரீன்ஷொட் எடுத்து ரெண்டு பேர்ட போனிலயும் போடுங்கோ.

பிள்ளைகள்ட பாஸ்போட் எங்கட மாதிரிப் பத்து வருஷம் நிக்காது, கெதியில முடிஞ்சிடும், அதால டிக்கெட் போட முதல் திகதி பாருங்கோ. ஆறு மாசமாவது மிச்சம் இருந்தா நிம்மதி. புதுசா எடுக்கிறதெண்டா தாய் தகப்பன் ரெண்டு பேர்ட சம்மதமும் வேணும், பத்தரமுல்லைக்குப் போற நாளை லீவுக்கு ரெண்டு மாசம் முன்னமே முடிச்சு வையுங்கோ.

சூட்கேஸ் அடுக்கேக்க ஒரு விஷயம். அங்க சாராயம், பன்றி இறைச்சி, வணங்கிற சிலை எதுவும் உள்ளுக்குக் கொண்டுபோகேலாது, கட்டுநாயக்காவில டியூட்டி ஃப்ரீயில வாங்கின போத்தலும்தான். மாமி எங்க போனாலும் ஒரு சின்னப் பிள்ளையாரைக் கைப்பையில வச்சிருப்பா. வெளிக்கிட முதல் நாள் இரவு அதை எடுத்து சாமித்தட்டில வச்சு, பூ ஒண்டும் வச்சு, "போயிட்டு வாறம்" எண்டு சொல்லிட்டு வந்தா. அது அவங்கட நாட்டுச் சட்டம், போற நாங்கள் மதிக்கோணும்.

ப்ளேனும் போட்டும்

ஶ்ரீலங்கன் போகுது, ஃபிட்ஸ்எயாரும் போகுது, விலையைப் பாக்கிறதைவிட அங்க இறங்கிற நேரத்தைப் பாருங்கோ. பகல் ரெண்டு மணிக்கு முதல் இறங்கிற ப்ளேன் எடுங்கோ. சீப்ளேன் இருட்டினா பறக்காது, நிறையத் தீவுகளுக்குப் போற கடைசி ஸ்பீட்போட்டும் பின்னேரத்தோட முடிஞ்சிடும். முதல் தரம் எங்கட ப்ளேன் பிந்தி, போட்டும் போயிட்டு, ராவோட ராவா ஏர்போட்டுக்குப் பக்கத்தில இருக்கிற ஹுல்ஹுமாலேயில ரூம் தேடினது, ரெண்டு பிள்ளையும் ட்ரொலிக்கு மேல நித்திரை. அங்க நேரம் எங்களைவிட அரை மணித்தியாலம் பின்னுக்கு. சில ரிசோர்ட் தலைநகர் மாலேயைவிட ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தனி நேரம் வச்சிருப்பாங்கள், அதால போட் நேரம் சொல்லேக்க "ஆற்ற நேரம்?" எண்டு கேளுங்கோ. வெள்ளி அங்க லீவு நாள், அரசாங்க ஃபெரி நிறைய இடத்துக்கு ஓடாது, ஸ்பீட்போட்டும் நேரம் மாறும், அந்த நாளில போறதையும் வாறதையும் வைக்காதேங்கோ.

வேலானா ஏர்போட்டே ஒரு தீவுதான், வாசலால வெளிய வந்தா ரோட்டுக்கு அங்கால கடலும் போட்டும் நிக்கும். மகள் அந்த இடத்திலயே கையை விட்டுட்டு நிண்டிட்டாள், ஏனெண்டா கார் பார்க் இருக்கவேண்டிய இடத்தில கண்ணாடி மாதிரித் தண்ணியும் அதுக்குள்ள சின்ன நீல மீனும். போட்டில ஏறேக்க பின்பக்கம் இருங்கோ, முன்பக்கம்தான் தூக்கித் தூக்கி அடிக்கும். ஏற முதல் பிள்ளைக்கு வயிறு முட்டச் சாப்பாடு குடுக்காதேங்கோ, வெறும் வயித்தோடயும் விடாதேங்கோ, ரெண்டு கிறீம் கிறெக்கர் காணும். சத்தி வாற பிள்ளை எண்டா மருந்தும் அளவும் உங்கட டொக்டரிட்ட கேட்டு கொண்டுபோங்கோ. லைஃப் ஜக்கெட் பிள்ளை அளவுக்கு போட்டில இருக்குமெண்டு நம்பி இருக்காதேங்கோ. எங்கட பிள்ளைகளுக்கு அளவா ரெண்டை வாங்கிக் கொண்டு போனம், சூட்கேஸில இடம் பிடிச்சாலும் அதுக்கு மேல பெறுமதியான சாமான் ஒண்டும் அதுக்குள்ள இருக்கேல்ல.

பைக்குள்ள என்ன

முதல் நாள் ரூம் ரெண்டு மணிக்குத்தான் தருவாங்கள், அதால குளிக்கிற உடுப்பு, துவாய், சன்ஸ்கிறீம் எல்லாம் கைப்பையில இருக்கட்டும், சூட்கேஸைக் குடுத்திட்டு நேர தண்ணிக்குப் போகலாம். கை நீட்டு நீச்சல் சட்டை ஆளுக்கு ரெண்டு. மாலே பூமத்திய ரேகையில இருந்து நாலு பாகைதான், வெயில் மேல இருந்தும் அடிக்கும், வெள்ளை மணலில பட்டுக் கீழ இருந்தும் அடிக்கும், கிறீமை மட்டும் நம்பினா ரெண்டாம் நாள் இரவு பிள்ளை முதுகைத் தொடவிடாது. தண்ணிச் சப்பாத்து வேணும், முருகைக்கல் வெட்டினா கெதியில மாறாது. ஜீவனி நாலு பக்கெட், பனடோல் சிரப், சித்தாலேப, நுளம்புக்குப் பூசுறது. சனம் இருக்கிற தீவில ஹெல்த் சென்டர் இருக்கும், ஆனா நடுச்சாமம் காய்ச்சலுக்கு உங்கட பையில இருக்கிறதுதான் மருந்து. சின்னவங்களுக்கு சமபோஷவும் பால்மாவும் எடுத்துக்கொள்ளுங்கோ.

மீன் பாக்கிற மாஸ்க் வீட்டிலயே வாங்கிப் பழக்குங்கோ. அளவு பாக்கிறது இப்பிடி: பட்டியைத் தலையில போடாம மாஸ்க்கை முகத்தில வச்சு, பிள்ளையை மூக்கால மெல்ல இழுக்கச் சொல்லுங்கோ, கையை எடுத்தாலும் அது முகத்தில ஒட்டி நிண்டா சரி, விழுந்தா வேற எடுக்கோணும். தலைமயிர் ஒண்டு உள்ளுக்க போனாலும் தண்ணி வரும். புகை பிடிச்ச மாதிரி வந்தா ஒரு துளி பேபி ஷம்பூ உள்பக்கம் தேய்ச்சு மெல்ல அலசினாக் காணும். மகள் ரெண்டு கிழமை இரவு இரவா பாத்ரூமில வாளித் தண்ணிக்குள்ள முகத்தை வச்சு வாயால மூச்சு எடுத்துப் பழகினவள், அங்க போய் முதல் நாளே பயமில்லாம முகத்தைத் தண்ணிக்குள்ள வச்சாள்.

தண்ணியில இருக்கிற நாட்கள்

காலமை ஆறரையில இருந்து ஒன்பதரை வரைக்கும் கடல், பிறகு பின்னேரம் நாலில இருந்து இருட்டும் வரைக்கும் கடல். நடுவில சாப்பாடு, நித்திரை, ஏசி, காட்ஸ். ஆறு மணிக்கே பொழுது பட்டிடும், அதை நினைவில வச்சுக்கொள்ளுங்கோ. நாலு இரவு எண்டா ஒரேயொரு டிரிப் காணும், மிச்சம் லகூன்தான். மணல் திட்டுக்குக் கூட்டிக்கொண்டு போற டிரிப்பில நிழலெண்டு ஒரு இலை கூட இருக்காது, குடை தருவாங்களோ எண்டு கேட்டிட்டு ஏறுங்கோ.

அமைதியான தண்ணி எண்டதும் பெரியாக்கள் போனைக் கையில எடுத்திடுவினம், அதுதான் பயம். பிள்ளை தண்ணியில மூழ்கேக்க சத்தம் போடாது, கை தட்டாது, சும்மா கீழ போகும், முழங்கால் அளவுத் தண்ணியும் அதுக்குக் காணும். நாங்கள் ஒரு சிவப்புத் தொப்பி கொண்டு போனம். தொப்பி போட்டவர்தான் காவல், இருபது நிமிஷம், போன் இல்ல, புத்தகம் இல்ல, கதைக்கிறதெண்டாலும் கண் பிள்ளைகளில. முடிஞ்சா தொப்பியைக் கழட்டி அடுத்தவர்ட தலையில வைக்கோணும், அவர் "சரி" எண்டு வாயால சொன்னாப் பிறகுதான் மாறினதுக்குக் கணக்கு. "நீங்க பாக்கிறீங்கள் எண்டு நினைச்சன்" எண்ட கதைக்கு இடமே வரேல்ல. ரெண்டாம் நாளில இருந்து மகனே தொப்பியைக் கொண்டு வந்து "அப்பா, உங்கட முறை" எண்டு குடுப்பான்.

காத்தடைச்ச வாத்து, மெத்தை, கையில போடுற பலூன் இதெல்லாம் விளையாட்டுச் சாமான், பாதுகாப்பில்ல. காத்து வெளிப்பக்கம் அடிச்சா மெத்தையோட பிள்ளை வேலிப் பக்கம் போயிடும், நீந்திப் பிடிக்கேலாது. இந்தத் தீவில எந்தப் பக்கம் இழுவை எண்டு போன அண்டைக்கே கெஸ்ட்ஹவுஸ் ஆக்களிட்டக் கேளுங்கோ, அவங்கள் அந்தத் தண்ணியில பிறந்து வளந்தவங்கள்.

கரைத் தண்ணிக்குள்ள குட்டிச் சுறா வரும், முன்னமே பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கோ. எங்களுக்கு மூண்டாம் நாள் காலமை, கணுக்கால் அளவுத் தண்ணியில, ஒரு முழம் நீளம், முதுகுச் செட்டையின்ட நுனி மட்டும் மையில தோய்ச்ச மாதிரிக் கறுப்பு. மகள் அசையாம நிண்டாள். அது அவள்ட காலுக்கு ரெண்டு அடி தள்ளி வந்து, வளைஞ்சு, போயிட்டு. துரத்தாம, தொடாம நிண்டா அதுகள் ஒண்டும் செய்யாது. திருக்கைக்கு மட்டும் காலைத் தூக்கி வைக்காம மணலில இழுத்து இழுத்து நடக்கப் பழக்குங்கோ, அதிர்வு தெரிஞ்சு அது விலகிடும். கல்லுக்கு மேல ஏறி நிக்கக்கூடாது, அது உயிருள்ள சாமான், மிதிச்சா சாகும், எங்கட காலும் வெட்டுப்படும். அந்த வெள்ளை மணலில பெரும் பங்கு கிளி மீன் முருகைக்கல்லைக் கடிச்சுத் திண்டு கழிச்சது எண்டு சொன்னவுடன மகன் சிரிச்ச சிரிப்பு இப்பவும் காதுக்க கேக்குது.

பீச்சில உடுப்புப் பிரச்சினை எங்கட ஆக்களுக்குப் பெரிசா வராது. நீச்சல் உடுப்போட நிக்கிறதுக்கெண்டு ஒதுக்கின பீச் தனியா இருக்கும், மிச்ச இடமெல்லாம் தோளும் முழங்காலும் மூடினா சரி.

சாப்பாட்டில பிள்ளைகள் கஷ்டப்படாதுகள். காலமை மஸ் ஹுனி எண்டு தருவாங்கள், சூரை மீனும் தேங்காய்ப்பூவும் வெங்காயமும் பிசைஞ்சது, ரொட்டியோட. எங்கட சம்பலுக்குப் போடுற மாசிக் கருவாடே அங்க இருந்து வந்ததுதானே, மாமி முதல் வாய் வச்சதும் "இது எங்கட சம்பலெல்லோ" எண்டா. பின்னேரத் தேத்தண்ணிக்கு எங்கட ஷோட் ஈட்ஸ் மாதிரி எல்லாம் இருக்கும், நிறையத்துக்குள்ள மீன்தான், அதால சைவ ஆக்கள் காய்கறிச் சாப்பாடு வேணுமெண்டு புக் பண்ணேக்கயே சொல்லோணும். ஸ்கூலில சிங்களம் படிக்கிற பிள்ளைகளுக்கு அவங்கட திவேஹி காதில பழகின மாதிரி இருக்கும், தண்ணிக்கு ஃபென், சூரியனுக்கு இரு. மகள் கடைக்காரரோட அப்பிடித்தான் கூட்டு வச்சாள், அவர் தெஹிவளையில இருந்து படிச்சவராம்.

இந்த வருஷம் டொலர் கட்டாதெண்டா கல்பிட்டியைப் பாருங்கோ. புத்தளம் களப்புக்கும் கடலுக்கும் நடுவில நீட்டிக்கொண்டு நிக்கிற நிலம், கொழும்பில இருந்து காரில நாலு மணித்தியாலம் வரும், களப்புப் பக்கம் ஆழம் குறைவு, டிசம்பர் லீவில போனா டொல்ஃபினும் பாக்கலாம். ஓகஸ்ட்டில அங்க காத்து கூட, சின்னாக்களோட வேண்டாம். சட்டலைட் படமும், வத்தின நேர வீடியோவும், சிவப்புத் தொப்பியும் அங்கயும் அப்பிடியேதான்.

திரும்பி வாற நாள், ப்ளேனுக்கு மூண்டு மணித்தியாலம் முதல் ஏர்போட்டில இருக்கிற மாதிரி போட்டைப் போடுங்கோ, ஈர உடுப்புக்கு ஒரு பொலித்தீன் பை தனியா வச்சிருங்கோ. பிள்ளைகள்ட பொக்கெட்டையும் பாருங்கோ, முருகைக்கல்லும் ஆமை ஓட்டில செஞ்ச சாமானும் நாட்டை விட்டு வெளிய கொண்டுவரேலாது. மகள் ஒரு போத்தல் நிறைய வெள்ளைக் கல்லுப் பொறுக்கி வச்சிருந்தவள். கடைசி நாள் காலமை ஒவ்வொண்டா எடுத்து ஃபோட்டோ பிடிச்சிட்டு, முழங்கால் தண்ணியில நிண்டு எல்லாத்தையும் திரும்பக் கொட்டினாள், பிறகுதான் சப்பாத்துப் போட வந்தாள்.